நான்முனைக் காந்தத்துக்குத் துடிப்பு மின்வழங்கி: கணக்கும் கட்டுமானமும்

நான்முனைக் காந்தம் துகள் கற்றையைக் குவிப்பது. அந்தக் கற்றை காந்தத்தைக் கடந்து முடிக்கும்வரை மின்னோட்டம் எவ்வளவு சரியலாம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்ற எண்கள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன.

நேர்கோட்டு முடுக்கியில் 100 மைக்ரோ விநாடிக் கற்றை, 0.1 சதவீத அனுமதி என்று கொள்வோம். மின்தேக்கியைத் தைரிஸ்டர் (தூண்டினால் ஒரே திசையில் கடத்தி, மின்னோட்டம் நின்றதும் தானே அணையும் மின்னணு ஸ்விட்ச்) வழியே காந்தச் சுருளில் திறந்துவிட்டால் கிடைப்பது அரை சைன் துடிப்பு. உச்சியின் இருபுறமும் 50 மைக்ரோ விநாடிக்குச் சரிவு 0.1 சதவீதத்துக்குள் நிற்க, துடிப்பின் அகலம் 3.5 மில்லி விநாடி வேண்டும். காந்தம் 1 மில்லி ஹென்றி, உச்ச மின்னோட்டம் 500 ஆம்பியர் என்றால் மின்தேக்கி 1250 மைக்ரோஃபாரட். இழப்பே இல்லாவிட்டால் 447 வோல்ட் போதும். சுருளும் கேபிளும் சேர்ந்து 60 மில்லி ஓம் இருந்தால் 471 வோல்ட் ஏற்ற வேண்டும். அதாவது 139 ஜூல். அதில் ஒரு துடிப்புக்கு 26 ஜூல் வெப்பமாகப் போகும்.

துடிப்பின் முடிவில் மின்தேக்கி தலைகீழாகி, கழித்தல் 424 வோல்ட்டில் நிற்கும். எலக்ட்ரோலைட்டிக் வகை இங்கே வெடிக்கும். பாலிப்ரொப்பிலீன் படல வகையே வேண்டும்.

பலரும் சறுக்கும் இடம் மின்தேக்கியை நிரப்பும் சார்ஜர். மின்தேக்கி எதிர்மறையானதும் சார்ஜரின் வெளியீட்டு டையோடுகள் கடத்தத் தொடங்கி எரிந்துபோகும். இன்னொரு டையோடைத் தொடராகப் போட்டுப் பயனில்லை, அதுவும் அதே திசையில்தான் கடத்தும். தொடராக ஒரு ஐஜிபிடி (வேண்டும்போது அணைக்கக்கூடிய டிரான்சிஸ்டர் ஸ்விட்ச்) வைத்து, துடிப்புக்கு முன்பே அணைத்துவிடுங்கள்.

எஞ்சிய ஆற்றலை மீட்க 4 மில்லி ஹென்றிச் சுருளையும் இரண்டாவது தைரிஸ்டரையும் மின்தேக்கிக்கு இணையாக வையுங்கள். 7 மில்லி விநாடியில் மின்னழுத்தம் நேர்மறையாகத் திரும்பும். அங்கே டையோடு வைத்தால் காந்த மின்னோட்டம் உச்சியைத் தாண்டிய உடனேயே கடத்தத் தொடங்கித் துடிப்பின் பின்பாதியைக் கெடுக்கும். 400 வோல்ட் மீண்டால், 10 ஹெர்ட்ஸில் இயக்க 1.3 ஆம்பியர் சார்ஜர் 70 மில்லி விநாடியில் மிச்சத்தை நிரப்பிவிடும்.

முதன்மைத் தைரிஸ்டர் 1600 வோல்ட் தாங்கட்டும். அது அணையும்போது காந்தத்தின் தூண்டம் மின்னழுத்தத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும். அதன் குறுக்கே 1 மைக்ரோஃபாரட், 15 ஓம் தொடர் ஸ்னப்பர் (மின்னழுத்தத் துள்ளலை அடக்கும் சுற்று) போடுங்கள். மின்தேக்கிக்குக் குறுக்கே 10 கிலோ ஓம் நிரந்தர மின்தடை கட்டாயம். 50 வோல்ட்டுக்கு இறங்க அரை நிமிடம் ஆகும். கதவு திறந்தாலோ மின்சாரம் போனாலோ 100 ஓம் மின்தடையை இணைக்கும் ரிலேவும், கையில் தரையிணைப்புக் கோலும் தனியாக வேண்டும்.

படல மின்தேக்கி 10 டிகிரி சூடானால் மின்னோட்டம் சுமார் 0.1 சதவீதம் குறையும், உங்கள் அனுமதி முழுவதும் அதிலேயே தீர்ந்துபோகும். ஒவ்வொரு துடிப்பின் உச்சியையும் அளந்து, அடுத்த ஏற்ற மின்னழுத்தத்தைத் திருத்துங்கள்.

ட்ரிக்கர் நேரத்தை மின்னோட்டத்தைப் பார்த்து அமைக்கக் கூடாது. 20 மில்லி மீட்டர் ஆரமும் 1 மில்லி மீட்டர் தடிப்பும் உள்ள துருவேறா எஃகுக் கற்றைக் குழாயில், மாறும் புலம் தூண்டும் சுழல் மின்னோட்டங்கள் புலத்தை 8 மைக்ரோ விநாடிக்கு மேல் தாமதப்படுத்தும். மின்னோட்ட உச்சியில் கற்றையை வைத்தால் அதன் முன்முனையில் பிழை 0.14 சதவீதம். குழாய்க்குள் சிறு தேடு சுருளை வைத்துப் புலத்தின் உச்சியைக் கண்டு, அந்த அளவுக்குத் தைரிஸ்டரை முன்கூட்டியே இயக்குங்கள்.