ஓடைக்கரை அரிப்பு: தடுப்புச் சுவர் கட்டுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கோவையில் ஒரு ஓடையின் கரையில் இரண்டு இளம் பொறியாளர்கள் தடுப்புச் சுவருக்கு அளவெடுத்தார்கள். கரை உயரம், சரிந்த நீளம் எல்லாம் குறித்தார்கள். தண்ணீர் ஓடும் தரையில் மட்டும் யாரும் இறங்கவில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் அளந்தேன்.

கரையை மட்டும் பார்ப்பது

நகர ஓடைகளில் கரை சரியக் காரணம் பெரும்பாலும் அடியில் இருக்கும். கூரையும் தார்ச்சாலையும் மழையை மண்ணுக்குள் விடாமல் ஓடைக்குத் தள்ளுகின்றன. அந்தத் தண்ணீருக்கு வேகம் அதிகம், அது சுமந்து வரும் மணல் குறைவு. அப்படி வரும் தண்ணீர் ஓடையின் தரையைத் தோண்டும். தரை இறங்க இறங்கக் கரை செங்குத்தாகி, ஒருநாள் தன் எடை தாங்காமல் விழும். காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால் அது தாங்கும் ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும். குறுகிய நேரத்தில் கொட்டும் மழை இதனால் வலுக்கிறது, தோண்டலும் கூடுகிறது.

அன்று நான் கட்டிய சுவருக்கு, அப்போதிருந்த ஓடைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் ஆழத்தில் அஸ்திவாரம் போட்டேன். தண்ணீர் போகும் பக்கம் சற்றுத் தள்ளி, ஓடைத் தரையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு படி விழுந்திருந்தது. பார்த்தேன், பொருட்படுத்தவில்லை. அந்தப் படியின் விளிம்பை ஒவ்வொரு வெள்ளமும் உடைக்கும். படி தண்ணீர் வரும் திசையை நோக்கி நகரும். இரண்டு பருவமழையில் அது சுவரடிக்கு வந்து, அஸ்திவாரத்துக்குக் கீழே மண்ணைப் பறித்தது. சுவர் முழுதாக ஓடைக்குள் சாய்ந்தது. பின்னாலிருந்த வீட்டுக்காரரிடம் "இனி பயமில்லை" என்று சொன்னவன் நான். இன்றும் உறுத்துகிறது.

அதனால் முதலில் ஓடையோடு கீழே நடந்து பாருங்கள். அந்தரத்தில் தொங்கும் சாக்கடைக் குழாய், வெளியே தெரியும் பாலத்தின் அடித்தளம், காற்றில் ஆடும் மரவேர் இருந்தால் தரை இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். படி இருந்தால் பெரிய கற்களை அடுக்கி முதலில் அதை நிறுத்துங்கள். அப்புறம் சுவர்.

நாள் மழைக் கணக்கை நம்புவது

சின்ன ஓடை ஒரு மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். 2021 டிசம்பர் 30 அன்று சென்னையில் சில மணி நேரத்தில் கொட்டியதை நினைத்துப் பாருங்கள். நாள் மொத்தத்தில் இந்த வேகம் தெரியாது. மணிக்கணக்கு மழைப் பதிவை வாங்குங்கள்.

தரை முழுக்கக் கான்கிரீட் போடுவது

கான்கிரீட் முடியும் இடத்தில் அரிப்பு தொடங்கும்.

வெட்டிவேர் போதும் என்று விடுவது

வேர் மேல்கரையைப் பிடிக்கும். கரையின் அடிக்குக் கல் வேண்டும்.