சேலத்திலிருந்து கால்கரி போகிறவர்களுக்கு: பனிமலை ஏறுமுன்

விமானம் ஏறுமுன் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து விசாரிக்கிற பிள்ளைகள் எல்லாரும் எந்த ஜாக்கெட் வாங்குவது என்றுதான் கேட்கிறார்கள். மலையில் குவிந்த பனி மொத்தமாகச் சரிந்து விழும் பனிச்சரிவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கனடாவின் கால்கரியில் இறங்கிய முதல் குளிர்காலத்திலேயே பான்ஃப், லேக் லூயிஸ் என்று பக்கத்து மலைப்பகுதிக்குக் கிளம்பிவிடுவீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஏற்காட்டில் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. மழை கொட்டினால் மலைப்பாதைக்குப் போகமாட்டோம், வானம் வெளுத்தால் கிளம்பிவிடுவோம். பனிமலையில் இந்தக் கணக்கு ஆளையே கொன்றுவிடும். அங்கே பனி அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். அடியில் ஒரு அடுக்கு பலவீனமாக இருந்தால், மேலே விழுந்த புதுப்பனியும் காற்று கொண்டுவந்து குவித்ததும் அதன்மேல் பாரமாக உட்கார்ந்திருக்கும். பனி நின்று பளிச்சென்று வெயிலடிக்கிற மறுநாள், ஒரு மனிதன் கால் வைக்கும் எடையே அந்தப் பலவீனமான அடுக்கை உடைக்கப் போதும், மேலே உள்ள பனி மொத்தமாகச் சரியும். பனிச்சரிவில் சிக்குகிறவர்களில் பெரும்பாலோர் மேல் விழும் பனி, அவர்களோ கூட வந்தவர்களோ கிளப்பிவிட்டதுதான்.

வானிலை சட்டென்று மாறினாலே உஷாராகுங்கள். பெரும் பனிப்பொழிவு, பலத்த காற்று, பனிமேல் மழை, திடீர் வெப்பம் எல்லாமே ஆபத்து. மலைப்பக்கமிருந்து வரும் சினூக் என்ற வெப்பக்காற்று குளிர்காலத்தில் வீசி, கால்கரியில் ஸ்வெட்டரோடு நடக்க முடிகிற நாளில் ஊரே மகிழ்ச்சியாக இருக்கும். மலைச்சரிவில் அதே வெப்பம் பனியைத் தளர்த்திக்கொண்டிருக்கும்.

30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் பெரும்பாலும் பனி சரியும். சரிவில் ஏறாமல் அதன் அடியில் நடந்தாலும் நீங்கள் அதன் வழியில்தான் இருக்கிறீர்கள். லேக் லூயிஸிலிருந்து கோடையில் குழந்தைகளோடு போகிற லேக் ஆக்னஸ் பாதைகூட, வழியில் உள்ள மிரர் லேக் ஏரியைத் தாண்டினால் குளிர்காலத்தில் பனிச்சரிவு விழும் இடம்.

பனிச்சரிவு எச்சரிக்கை அமைப்பான அவலாஞ்ச் கனடாவும், தேசியப் பூங்காக்களைக் கவனிக்கும் பார்க்ஸ் கனடாவும் குளிர்காலத்தில் தினமும் எச்சரிக்கை அறிக்கை வெளியிடுகின்றன. அதில் ஆபத்துக்கு 5 நிலைகள். 3 என்றதும் 'நடுத்தரம்தானே' என்று நினைக்காதீர்கள், உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்த நிலையில்தான் நடக்கிறது. நடக்கும்போது காலடியில் 'தொம்' என்று பனி அமுங்கும் சத்தம் கேட்டாலோ, விரிசல் ஓடினாலோ, பக்கத்தில் புதிதாகச் சரிந்த தடம் தெரிந்தாலோ அப்படியே திரும்பிவிடுங்கள்.

சரி, பனிச்சரிவு விழும் பகுதிக்குள் கட்டாயம் போகத்தான் வேண்டுமா? அப்படியானால் ஒவ்வொருவரிடமும் டிரான்ஸீவர் (புதைந்தவர் இருக்கும் இடத்தை சிக்னல் மூலம் காட்டும் கருவி), பனிக்குள் துழாவும் நீளக் கம்பி, மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும். அதோடு ஏஎஸ்டி 1 என்ற இரண்டு நாள் பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பும் முடித்திருக்க வேண்டும். புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுக்கவேண்டும். ஹெலிகாப்டர் அதற்குள் வராது, நண்பர்கள்தான் தோண்டவேண்டும்.

வான்கூவருக்குக் காரில் போகிறவர்களுக்கு ஒன்று. வழியில் வரும் ரோஜர்ஸ் பாஸ் என்ற மலைக்கணவாயில் 'நிறுத்தாதே' என்ற பலகை உள்ள இடத்தில் படமெடுக்க இறங்காதீர்கள். அங்கே சில சமயம் ராணுவ பீரங்கியால் சுட்டு, பனியை முன்கூட்டியே இறக்கிவிட்ட பிறகுதான் சாலையைத் திறப்பார்கள். மணிக்கணக்கில் காத்திருக்க நேரலாம். காரில் போர்வை, தண்ணீர், சாப்பாடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.