மிதவை உயிரிகளின் டிஎன்ஏ பார்கோடிங்: மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் ஏமாறும் இடங்கள்

நீரில் மிதந்து வாழும் உயிரிகளை, ஒரு மரபணுத் துண்டின் எழுத்து வரிசையைக் கொண்டு இனம் காண்பதே இங்கே டிஎன்ஏ பார்கோடிங். அதில் முதல் தவறு வலையை மேலே இழுத்த கையோடு நடந்துவிடுகிறது. ஃபார்மலின் உருவத்தைக் காக்கும், டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். எனவே 95 சதவீத எத்தனாலே ஏற்றது என்றாலும், மிதவை உயிரிகளின் உடலில் பெரும்பகுதி நீர் என்பதால் அது விரைவில் நீர்த்துப்போகும். 24 மணி நேரத்துக்குள் ஒருமுறை மாற்றியாக வேண்டும்.

அடுத்தது, இதற்கு வழக்கமாகப் படிக்கப்படும் சிஓஐ என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் 658 எழுத்திணைகள் கொண்ட பகுதி எல்லா உயிரிக்கும் பொருந்தும் என்ற நம்பிக்கை. நுண்ணோக்கியில் பிரித்தறியக் கடினமான கலானஸ் ஃபின்மார்க்கிகஸ், கலானஸ் கிளேசியாலிஸ் என்ற இரு கோபிபாட் (சிறிய ஓட்டுடலி) இனங்களை மைட்டோகாண்ட்ரியா மரபணு பிரித்துக்காட்டும். ஆனால் சீப்பு ஜெல்லிகளில் அம்மரபணு மிக வேகமாக மாறியிருப்பதால் 1994ஆம் ஆண்டின் பொதுப் பிரைமர்கள் (மரபணுவைப் படியெடுக்கத் தொடங்குமிடத்தில் ஒட்ட வேண்டிய சிறு டிஎன்ஏ துண்டுகள்) பெரும்பாலும் ஒட்டுவதே இல்லை. ஹைட்ரோசோவா ஜெல்லிகளுக்கு மைட்டோகாண்ட்ரியாவின் 16எஸ் மரபணு, தாவர மிதவை உயிரிகளுக்கு உட்கருவின் 18எஸ் மரபணு என்று சேர்த்துப் பார்க்காமல் தயாரித்த பட்டியலில் ஓர் இனம் இல்லை என்றால், அது கடலிலும் இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

மிகுதியாகக் குழப்புவது, டிஎன்ஏவின் எந்த மூவெழுத்து எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கும் என்று சொல்லும் மரபுக்குறியீட்டு அட்டவணைதான். டிஜிஏ என்ற மூவெழுத்து பொதுக் குறியீட்டில் நிறுத்தக்குறி, அதாவது புரதம் அங்கே முடிகிறது என்ற அடையாளம். முதுகெலும்பற்றவற்றின் மைட்டோகாண்ட்ரியாவிலோ அது டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம். மென்பொருளில் பொதுக் குறியீடான அட்டவணை 1ஐ மாற்றாமல் விட்டவர், நல்ல கோபிபாட் வரிசையின் நடுவே நிறுத்தக்குறிகளைக் கண்டு அதைத் தூக்கி எறிகிறார். கோபிபாடுகளுக்கு 5, ஜெல்லிமீன்களுக்கு 4, ட்யூனிக்கேட்டுகள் என்ற உறையுடல் கடலுயிரிகளுக்கு 13 என்று சரியாகத் தேர்ந்த பிறகும் நிறுத்தக்குறி வந்தாலோ, ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ மும்மூன்றாகப் படிக்கும் சட்டகம் நகர்ந்தாலோ, அது உட்கருவுக்குள் என்றோ குடியேறிய போலிப் பிரதி என்று ஐயப்பட வேண்டும். அண்மையில் குடியேறிய பிரதி எந்த அடையாளமும் காட்டாமல் புது இனமாக எண்ணிக்கையில் ஏறிவிடும் என்பதே இதில் உள்ள சங்கடம்.

எல்லா இனங்களுக்கும் 3 சதவீத வரிசை வேறுபாட்டையே இனங்களைப் பிரிக்கும் எல்லையாக வைப்பதும், வரிசைகளின் எண்ணிக்கையை உயிரிகளின் எண்ணிக்கையாக வாசிப்பதும் பழகிப்போன பிழைகள். தரவுத்தளத்தில் 88 சதவீதமே பொருந்திய பெயரை இனப்பெயராக ஏற்பது அவற்றைவிடத் துணிச்சலானது. தனியாகப் பிரித்தெடுத்த அம்புப்புழுவிலிருந்துகூட, அது விழுங்கிய கோபிபாடின் வரிசை கிடைப்பதுண்டு. டிஎன்ஏ பிரிக்கும் முன்பே எடுத்த ஒளிப்படம் இருந்தால்தான் அங்கே பிழை தெரியவரும்.