பிள்ளை ஆபீஸ் போன பிறகு சிங்கப்பூர் பார்ப்பது எப்படி: சேலத்து அப்பா அம்மாக்களுக்கு

சேலத்திலிருந்து பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள், சனி ஞாயிறு வரட்டும் என்று ஐந்து நாளும் வீட்டுக்குள் டிவியே கதியென்று கிடப்பார்கள். சிங்கப்பூரில் அதற்கு அவசியமே இல்லை. டவுன்டவுன் லைன் என்ற நீல நிற ரயில் தடத்தைப் பழகிக்கொண்டால் முக்கியமான இடங்களை வண்டி மாறாமல் நீங்களே பார்த்துவிடலாம். வார நாளில் கூட்டமும் குறைவு.

முதலில் பெட்டி. குருமாப் பொடியில் கசகசா அரைத்திருந்தால் ஊரிலேயே வைத்துவிடுங்கள். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். வெற்றிலையோடு மெல்லும் புகையிலைக்கும் அனுமதி கிடையாது. எஸ்ஜி அரைவல் கார்டு என்ற நுழைவுப் படிவத்தை, போய் இறங்கும் நாளையும் சேர்த்துக் கடைசி மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது இலவசம். காசு கேட்டால் வேறெங்கோ நுழைந்துவிட்டீர்கள்.

ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே கட்டணக் கார்டுதான், ஆனால் ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரு கார்டைத் தட்டி இரண்டு பேர் நுழைய முடியாது. பஸ்ஸில் முன் வாசலில் ஏறும்போது தட்டுகிறவர்களில் பலர் இறங்கும்போது தட்ட மறந்துவிடுகிறார்கள். மறந்தால் கடைசி ஸ்டாப் வரைக்குமான காசு போய்விடும். பஸ் தானாக நிற்கும் என்று நிற்காதீர்கள், கை காட்டுங்கள். ரயிலுக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, அபராதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை. எஸ்கலேட்டர் நம் ஊர் மால்களில் இருப்பதைவிட வேகம். கொசுவத்தை ஒரு கையால் கணுக்கால் தெரியத் தூக்கிப் பிடித்து, மறு கையால் பிடியைப் பற்றி, இடது பக்கமாக நில்லுங்கள். பயமாக இருந்தால் லிஃப்ட் இருக்கிறது, தேடிப் போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் தடவை மட்டும் பிள்ளையோடு லிட்டில் இந்தியா ஸ்டேஷன் வரை வந்து பழகுங்கள். தவறு நடப்பது அங்கேதான்: ஒரே ஸ்டேஷனில் நீலத் தடமும் ஊதாத் தடமும் உண்டு. போர்டில் நிறத்தைப் பாருங்கள், பிறகு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

லிட்டில் இந்தியாவிலிருந்து நீலத் தடத்தில் புக்கிட் பாஞ்சாங் பக்கம் போகும் வண்டியில் மூன்றாவது ஸ்டேஷன் பொட்டானிக் கார்டன்ஸ். பழைய சிங்கப்பூர்த் தமிழர்கள் பூமலை என்பார்கள். பெயரில்தான் மலை. சிங்கப்பூரின் மிக உயர்ந்த குன்றே சுமார் 164 மீட்டர்தான், ஏற்காட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். தோட்டம் 1859இல் தொடங்கியது, 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. நுழைவு இலவசம், ஆர்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். ஏற்காட்டில் ஆர்கிட் பார்த்து ரசித்தவர்கள் அந்தக் காசைத் தயங்காமல் கொடுக்கலாம்.

லிட்டில் இந்தியாவிலிருந்து எக்ஸ்போ பக்கம் போனால் நாலாவது ஸ்டேஷன் பேஃப்ரண்ட். அங்கிருந்து கார்டன்ஸ் பை தி பே பூங்கா. ராட்சத மரங்களின் விளக்குக் காட்சி இரவு 7.45க்கும் 8.45க்கும், இலவசம். கண்ணாடிக் கூடங்களுக்கு டிக்கெட் உண்டு, உள்ளே குளிரும், சால்வை வையுங்கள். அதே வண்டியில் இன்னும் மூன்று ஸ்டேஷன் போனால் சைனாடவுன். நடக்கும் தூரத்தில் 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயில். நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

“சேலத்து வெயிலுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்” என்றுதான் பலர் கவிழ்கிறார்கள். டிகிரி குறைவுதான், ஆனால் காற்றில் ஈரம் அதிகம். வேர்வை காயாது, உடம்பு ஆறாது. ஒன்பதரைக்குக் கிளம்பி மதியத்துக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள். முதல் இரண்டு நாள் இன்னும் தாமதமாகவே கிளம்பலாம், அங்கே காலை ஏழு என்றால் நம் உடம்புக்கு நாலரைதான். சுகர், பிரஷர் மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா சந்தையில் தமிழிலேயே கேட்டுச் சாப்பிடலாம். சாப்பிட்ட தட்டை மேசையில் விடாமல் அதற்கான இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும், அது அங்கே சட்டம்.

பிள்ளை வீட்டு விலாசத்தைத் தாளில் எழுதி ஆளுக்கொன்று வைத்திருங்கள்: பிளாக் எண், வீட்டு எண், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு. 636001 என்றால் சேலத்தில் ஒரு வட்டாரமே வரும். அங்கே அந்த ஆறு எண் ஒரே கட்டடத்தைக் காட்டும். போன் சார்ஜ் இறங்கிப்போனாலும் டாக்சிக்காரரிடம் தாளை நீட்டினால் போதும். அதே தாளின் பின்பக்கம் 995 என்று எழுதுங்கள், ஆம்புலன்ஸ் எண்.