கிட்னி மாற்றியாச்சு, எலும்பை மறந்தாச்சு!

மாத்திரையை நேரத்துக்குப் போடணும், வழுக்கி விழக்கூடாது என்பதையெல்லாம் டிஸ்சார்ஜ் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன். கிட்னி மாற்று ஓ.பி.யில் புது நோயாளிகளும், அங்கே புதிதாக உட்காரும் டாக்டர்களும் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள் வேறு.

கவட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப் மாத்திரை

இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். ஆபரேஷன் முடிந்து சில மாதம் ஆகியிருக்கும், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் நன்றாக இருக்கும், ஆள் வேலைக்கும் போக ஆரம்பித்திருப்பார், அப்போது கவட்டியில் லேசாக ஒரு வலி வரும். சிலருக்கு அது முழங்காலில்தான் தெரியும். உடனே முழங்காலுக்கு எக்ஸ்ரே, நார்மல், வாயுப்பிடிப்பு என்று தைலம், அதற்கும் கேட்கவில்லை என்றால் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை. புது கிட்னியை உடம்பு ஒதுக்காமலிருக்க டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்துப் போட்டால் புது கிட்னிக்குப் போகும் ரத்தம் இன்னும் குறையும்.

ஒரு பையன் நொண்டிக்கொண்டு வந்தான். கையில் நாலைந்து எக்ஸ்ரே, எல்லாமே முழங்கால். படுக்கவைத்து, முழங்காலை மடக்கிக் காலை உள்பக்கமாகத் திருப்பினேன், துள்ளிவிட்டான். வலி இடுப்பு மூட்டில்! ஸ்டீராய்டு அதிகம் போன உடம்பில் தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்டு எலும்பு செத்துப்போகும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ.தான் காட்டும்; அதுவும் கான்ட்ராஸ்ட் ஊசி போடாமலே பார்த்துவிடலாம். தலை நசுங்குவதற்கு முன்னால் பிடித்தால் எலும்பில் துளை போட்டு அழுத்தம் குறைத்துப் பார்க்க வழி உண்டு. அவனுக்கு இரண்டு பக்கமும் நசுங்கிவிட்டது, கிரியேட்டினினும் ஏறியிருந்தது. முழங்கால் வலி என்று வந்தாலும் இடுப்பைத் திருப்பிப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகுமா?

"ஸ்டீராய்டால்தானே, நிறுத்திட்டேன்"

புது கிட்னியை உடம்பு ஒதுக்காமலிருக்கத்தான் ஸ்டீராய்டும்; நீங்களாக நிறுத்தினால் கிட்னியே போய்விடலாம்.

டயாலிசிஸ் காலத்துச் சீட்டு

டயாலிசிஸில் இருந்தபோது பாஸ்பரஸ் ஏறும், அதனால் சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸைப் பிடித்துக்கொள்ள, சாப்பாட்டோடு செவலமரோ கால்சியம் அசிடேட்டோ கொடுத்திருப்பார்கள், பால், பருப்பெல்லாம் அளவுதான். மாற்றுக்குப் பிறகு கதை தலைகீழ். கால்சியத்தையும் பாஸ்பரஸையும் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பி பழைய வேகத்திலேயே சுரந்துகொண்டிருக்கும், புது கிட்னி பாஸ்பரஸை வெளியே தள்ளும், ரத்தத்தில் கால்சியம் ஏறவும் செய்யும். இந்த நிலையில் பழைய சீட்டைத் தொடர்ந்தால் பாஸ்பரஸ் இன்னும் இறங்கும். "எலும்புக்கு நல்லது" என்று யாரோ சொன்ன கால்சியம் மாத்திரையும் அப்படித்தான்: முதலில் கால்சியம், பாஸ்பரஸ், பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்), வைட்டமின் டி பாருங்கள், அப்புறம் மாத்திரை.

டெக்ஸா ஸ்கேன்

எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஸ்கேன் இது. மாற்றுக்குப் பிறகு எலும்பு வேகமாகத் தேய்வது முதல் வருஷத்தில். அஞ்சாவது வருஷம் எடுத்து என்ன பிரயோஜனம்?

ஆறு மாத ஊசி

எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் டெனோசுமாப். போடுவதற்கு முன் கால்சியம் பாருங்கள். ஆரம்பித்தால் தவணையைத் தள்ளாதீர்கள், பாதியில் விட்டவர்களுக்கு முதுகெலும்பு ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கியிருக்கிறது.