யார் சொல்கிறார் என்று கேளுங்கள்: பசிபிக் தீவுகளின் உறவுச் சொற்களில் நாம் வழுக்கும் இடங்கள்

நியூசிலாந்தின் பழங்குடியான மாவோரிப் பெண் ஒருத்தி "என் துவகன" என்கிறாள். நம் குறிப்பேட்டில் துவகன என்றால் 'அண்ணன்' என்று எழுதி வைத்திருக்கிறோம். போச்சு. அவள் சொன்னது தன் அக்காவை.

தன்னைப் போன்ற பாலைச் சேர்ந்த, தனக்கு மூத்த உடன்பிறப்புதான் துவகன. ஆண் சொன்னால் அண்ணன், பெண் சொன்னால் அக்கா. இளையவரைத் தெயின என்பார்கள், அதற்கும் இதே கணக்கு. எதிர்ப்பால் என்றால் சொல்லே மாறிவிடும்: ஆணின் சகோதரி துவஹினே, பெண்ணின் சகோதரன் துஙானே. இந்த இரண்டிலும் வயதுப் பேச்சே கிடையாது. துவஹினேயைத் 'தங்கை' என்று மொழிபெயர்த்தால், அவர் சொல்லாத ஒன்றை நாம் சொல்ல வைக்கிறோம். நம்மிடமும் நாத்தனார், கொழுந்தன் எல்லாம் பெண்ணுக்கு மட்டுமே உண்டு. உடன்பிறப்பு விஷயத்தில் அப்படி யோசித்துப் பழக்கமில்லை, அவ்வளவுதான். ஆகவே பட்டியல் போடுகிறவர்கள் 'ஆண் சொன்னால்', 'பெண் சொன்னால்' என்று இரண்டு பத்தி போட்டுவிடுவது நல்லது.

சொல்கிறவரின் பாலை வைத்து உடன்பிறப்பைப் பிரிக்கும் இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு பாப்புவா நியூ கினியின் டோக் பிசின் மொழியே சாட்சி. அதன் சொற்களில் பெரும்பகுதி ஆங்கிலத்திலிருந்து வந்தவை. ஆனால் அதன் பழைய வழக்கில், பிரதரிலிருந்து வந்த 'பிராத்தா' ஒரே பால் உடன்பிறப்பையும், சிஸ்டரிலிருந்து வந்த 'சுசா' எதிர்ப்பால் உடன்பிறப்பையும் குறித்தன. பெண்ணுக்கு அவளுடைய அக்காவே பிராத்தா! சொல் ஆங்கிலம், கணக்கு தீவுக் கணக்கு.

அடுத்தது, காதுக்கு ஒத்துப்போனால் உறவு, போகாவிட்டால் இல்லை என்று தீர்ப்பு எழுதுவது. பெண் என்பதற்கு சமோவாவில் ஃபஃபினே, டோங்காவில் ஃபெஃபினே, தஹித்தியில் வஹினே, ஹவாயிலும் மாவோரியிலும் வஹினே. இவையெல்லாம் ஒரே மூலச் சொல்லின் பேரப்பிள்ளைகள். டோங்காவின் ஃபெஃபினேயும் ஆங்கில ஃபெமினினும் ஒலிப்பது போலவே இருந்தாலும், அது வெறும் தற்செயல். எதை வைத்து இப்படிச் சொல்ல முடிகிறது? ஒலி மாற்றம் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருகிறதா என்பதை வைத்துத்தான். மாவோரி 'த' ஹவாயில் 'க' ஆகும். மாவோரி 'க' ஹவாயில் தொண்டையடைப்பாகிவிடும், அதாவது தொண்டையை ஒரு நொடி அடைத்துத் திறக்கும் ஒலி. துவகனவை இந்தச் சல்லடையில் போட்டால் 'குவஅன' வரவேண்டும். ஹவாய்ச் சொல் கைகுவஅன. முன்னால் உள்ள 'கை' கூடுதல் ஒட்டு. துவஹினே அங்கே கைகுவஹினே. காதுக்குத் தூரமாகத் தெரிகிற சொற்கள் கணக்கில் பக்கத்து வீடு.

அதற்காக எல்லாத் தீவிலும் அதே சொல் கிடைக்கும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. ஃபிஜியில் பெண்ணுக்கு யலேவா என்று வேறு சொல். அப்புறம், ஓசியானியா என்ற பசிபிக் நிலப்பரப்பும், மாவோரி, சமோவா, ஃபிஜி மொழிகளெல்லாம் சேர்ந்த ஓசியானிய மொழிக் குடும்பமும் ஒன்றல்ல. நியூ கினியின் நூற்றுக்கணக்கான பாப்புவ மொழிகளும் ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகளும் இந்தக் குடும்பத்தில் சேராதவை.

நெடில் குறிலை விட்டுவிடுவது தமிழர் செய்யக் கூடாத தவறு, ஆனால் செய்கிறோம். ஆங்கில எழுத்தில் உயிரெழுத்தின் மேலுள்ள சிறு கோட்டை யாரும் கவனிப்பதில்லை. மாவோரியில் வஹினே ஒருத்தி, வாஹினே பலர். சமோவாவில் தம என்றால் பையன், தமா என்றால் அப்பா. எழுத்தைப் பார்த்து உச்சரிப்பதிலும் ஒரு குழி இருக்கிறது: சமோவா, ஃபிஜி எழுத்துமுறையில் ஆங்கில 'ஜி' எழுத்து நம்முடைய ங. நாம் வைத்திருந்தும் சொல்லின் முதலில் போடாத எழுத்து, அங்கே சொல்லுக்கு முதலாகவே வருகிறது. ஃபிஜியில் எதிர்ப்பால் உடன்பிறப்பு 'ஙனே'.

ஃபிஜிச் சொற்களை எடுக்கும்போது வாலையும் பாருங்கள். தினன என்றால் வெறும் 'தாய்' இல்லை, 'அவனுடைய அல்லது அவளுடைய தாய்'. தினமு, உன் தாய். வேர் தின மட்டுமே. சங்கத் தமிழில் என் தாய் யாய், உன் தாய் ஞாய், அவன் தாய் தாய் என்று இருந்ததை நினைத்தால் இது சட்டென்று பிடிபடும்.

இங்கேதான் பெரிய சபலம் வருகிறது. ஃபிஜியில் தாய்மாமன் 'மோமோ'. மாமன் மகனும் அத்தை மகனும் ஒருவருக்கொருவர் 'தவலே', மைத்துனனுக்கும் அதே சொல்; அப்படியே நம் மச்சான். மானுடவியலாளர்களே இதைத் திராவிட வகை உறவுமுறை என்கிறார்கள். உடனே 'ஃபிஜி மொழி தமிழிலிருந்து வந்தது' என்று எழுதத் தோன்றும். முறை மணம் வழக்கில் உள்ள சமூகத்தில் மாமனும் மாமனாரும் ஒருவராகிவிடுவதால் உறவுச் சொல்லும் ஒன்றாகலாம். அதற்கு மொழி ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்க மானுடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கனே இதில் சறுக்கியவர். தமிழ் உறவுமுறையும் அமெரிக்காவின் இரோக்வா மக்களின் உறவுமுறையும் ஒத்திருப்பதைக் கண்டு, அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து வந்ததற்கு இதுவே சான்று என்று 1871இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அவர்கள் ஆசியாவிலிருந்து வந்தது உண்மைதான், ஆனால் உறவுச் சொற்கள் அதற்குச் சான்றல்ல.

நியூசிலாந்தில் கிடைத்த தமிழ் மணியையும் இந்த இடத்தில் யாராவது நீட்டுவார்கள். பாதிரியார் வில்லியம் கொலென்சோ 1836 வாக்கில் பார்த்தபோது மாவோரிகள் அந்த வெண்கல மணியைக் கவிழ்த்து உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அது வெலிங்டன் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது முகையதீன் பக்ஸ் என்பவரின் கப்பல் மணி என்று அதிலுள்ள தமிழ் எழுத்துகளே சொல்கின்றன. உறவுமுறை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.