எம்ஜிபி காரின் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்களை வீட்டிலேயே டியூன் செய்வது எப்படி?

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியவர்களில் பலர் முதல் வாரத்திலேயே பானெட்டைத் திறந்து, காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் கை வைத்துவிடுகிறார்கள். ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) நிலையாக நிற்கவில்லை, வண்டி குலுங்குகிறது, பெட்ரோல் வாடை அடிக்கிறது என்றால் பழி முழுவதும் அதன் தலையில்தான் விழுகிறது. ஆனால் கோளாறு பெரும்பாலும் வால்வு இடைவெளியிலோ இக்னிஷனிலோதான் இருக்கும். அவற்றைச் சரிசெய்யாமல் கார்புரேட்டரைத் திருகினால் ஒரு பிழையை மறைக்க இன்னொரு பிழையைச் சேர்த்தவர்களாவோம். எனவே இந்த விளக்கத்தில் கார்புரேட்டர் கடைசியில்தான் வரும். பொறுமையாக வரிசையைப் பின்பற்றுங்கள்.

எந்த வண்டிக்கு இது பொருந்தும்? இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை எம்ஜிபி தயாரானது. அதில் 1970-களின் தொடக்கம் வரை வந்தவற்றில் எச்எஸ்4 வகை எஸ்யூ கார்புரேட்டர் இரண்டு இருக்கும். அந்த வண்டிகளுக்காகத்தான் எழுதுகிறேன். அம்பாசடரில் பல ஆண்டுகள் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினும் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் ஒரே பி-வரிசைக் குடும்பம். எனவே பழைய அம்பாசடரைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு வால்வு வேலை புதிதாகத் தெரியாது. இலங்கையில் இன்னும் மோரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்குக் கார்புரேட்டரைச் சுத்தம் செய்யும் பகுதி உதவும். அதில் எஸ்யூ ஒன்றுதான், ஆனால் இயங்கும் முறை இதுவே.

தேவையானவை

அங்குல அளவு ஸ்பேனர்கள் (மில்லிமீட்டர் ஸ்பேனர் நட்டின் முனைகளைத் தேய்த்துவிடும்), ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), ஸ்க்ரூ டிரைவர்கள், இக்னிஷன் டைமிங் பார்க்கும் ஸ்ட்ரோப் விளக்கு, ஓரடி நீள மெல்லிய ரப்பர் குழாய், சுத்தமான துணி. இவற்றோடு ஒரு தீயணைப்பானையும் எடுத்து வையுங்கள். இந்த எஞ்சினில் கார்புரேட்டர்களும் புகைபோக்கிக் குழாயும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. சிந்துகிற பெட்ரோல் நேராகச் சூடான இரும்பின் மேல் விழும். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓட்டாதீர்கள். வண்டியை வெளியே தள்ளிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் பெட்ரோல் பம்ப்பைக் கேளுங்கள்

எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். வண்டியின் பின்பக்கத்திலிருந்து டிக் டிக் என்று மின்சார பம்ப் துடிக்கும். கார்புரேட்டர்களில் பெட்ரோலைத் தேக்கிவைக்கும் மிதவை அறைகள் நிறைந்ததும் அது நின்றுவிட வேண்டும். நிற்காமல் துடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது, அல்லது மிதவை அறையின் ஊசி வால்வு மூடவில்லை. துடிப்பே இல்லையென்றால் பம்ப்பின் மின் இணைப்பைப் பாருங்கள். இதைத் தீர்க்காமல் அடுத்த படிக்குப் போவதில் பயனில்லை.

ரப்பர் குழாய்களையும் இப்போதே தடவிப் பாருங்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பரை அது மென்மையாக்கி வெடிக்க வைக்கும். வெடிப்பு தெரிந்தால் எத்தனாலைத் தாங்கும் குழாய் வாங்கி மாற்றுங்கள்.

வால்வு இடைவெளி

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். வால்வுகளுக்கு மேலேயுள்ள ராக்கர் மூடியை எடுங்கள். பிளக்குகள் நான்கையும் கழற்றிவிட்டு நான்காவது கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளினால் எஞ்சின் எளிதாகச் சுழலும். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ளுங்கள். இனி ஒரே ஒரு கணக்கு: இரண்டு எண்ணும் சேர்ந்து 9 வர வேண்டும். எட்டாவது வால்வு முழுவதும் அழுந்தித் திறந்திருக்கும்போது முதல் வால்வைச் சரிசெய்யுங்கள். ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை, நான்காவது திறந்திருக்கும்போது ஐந்தாவதை. மற்றவையும் இப்படியே.

இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். தகடு லேசாக உரசிக்கொண்டு நுழைந்து வெளியே வர வேண்டும். பூட்டு நட்டை இறுக்கும்போது நடுவிலுள்ள திருகையும் அது சேர்த்து இழுத்துக்கொண்டு திரும்பும். எனவே ஸ்க்ரூ டிரைவரால் திருகை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள், பிறகு தகட்டை விட்டு மறுபடி பாருங்கள். இறுக்கிய பிறகு கிடைக்கும் அளவுதான் கணக்கு. மூடியை வைக்கும்போது அதன் கேஸ்கட் இடம் மாறாமல் உட்காருகிறதா என்றும் கவனியுங்கள்.

இக்னிஷன்

பிளக் இடைவெளி 0.025 அங்குலம். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரில், மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் பாயிண்டின் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் வரை இருக்கலாம். வால்வுக்குப் பயன்படுத்திய அதே தகடு இதற்கும் போதும். பாயிண்டின் முகத்தில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழுந்திருந்தால் அரம் போட்டுத் தேய்க்காமல் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் மெல்லிய கம்பிகளைத் தனித்தனியாக இழுத்துப் பாருங்கள். பாயிண்ட் பொருத்திய தகடு முன்னும் பின்னும் அசைவதால், வெளியே உறை நன்றாக இருக்க, உள்ளே கம்பி இழை இழையாக அறுந்திருக்கும். வண்டி காரணமே தெரியாமல் விட்டு விட்டு இழுப்பதற்கு இது ஒரு பழைய காரணம். டிஸ்ட்ரிபியூட்டரையும் கார்புரேட்டரையும் இணைக்கும் வெற்றிடக் குழாயைக் கார்புரேட்டர் பக்கத்தில் கழற்றி வாயால் உறிஞ்சினால் அந்தத் தகடு நகர வேண்டும். குழாய் நுனியை நாக்கால் அடைத்தால் நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது.

டைமிங்கை ஸ்ட்ரோப் விளக்கு வைத்து உங்கள் எஞ்சின் எண்ணுக்குரிய கையேட்டு அளவுக்குக் கொண்டுவாருங்கள். இவ்வளவும் முடித்துவிட்டு வண்டியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நீங்கள் தேடிவந்த கோளாறு இந்த இடத்திலேயே காணாமல் போயிருந்தால் நான் வியக்க மாட்டேன்.

கார்புரேட்டரைத் திறப்பது

ஸ்கின்னர் சகோதரர்கள் உருவாக்கிய கருவி இது. எஸ்யூவில் உள்ள எஸ் அவர்களுடைய பெயர். காலணி வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். தொடக்ககால எஸ்யூவில் பிஸ்டன் இருந்த இடத்தில் தோலால் ஆன துருத்தி இருந்தது. பிற்பாடு துருத்தி போய்ப் பிஸ்டன் வந்தது, தத்துவம் மாறவில்லை. எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவுக்குப் பிஸ்டன் மேலே எழும்பும். அதன் அடியில் தொங்கும் கூம்பு ஊசியும் பெட்ரோல் வரும் சிறு குழாயான ஜெட்டிலிருந்து மேலே வரும், அந்த இடைவெளி வழியாகப் பெட்ரோல் சுரக்கும். இவ்வளவு எளிமையான ஒன்றைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு கார்புரேட்டர் பொருத்தச் சொல்பவர்கள் உண்டு. அந்த யோசனையை ஏற்காதீர்கள். சுத்தமாகவும் தேயாமலும் இருக்கிற எஸ்யூ ஜோடி இந்த எஞ்சினுக்கு மிகப் பொருத்தமானது.

மேலேயுள்ள மணி வடிவ மூடிக்கும் உடலுக்கும் குறுக்கே ஒரு அடையாளக் கோடு போட்டுவிட்டு, திருகுகளைக் கழற்றி மூடியை நேராக மேலே தூக்குங்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கும். பிஸ்டனைச் சாய்க்காமல் எடுங்கள், ஊசி வளைந்தால் அது வீண். ஒரு கார்புரேட்டரின் பிஸ்டனும் மூடியும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்யப்பட்டவை. எனவே முதல் கார்புரேட்டரைப் பூட்டி முடித்த பிறகுதான் இரண்டாவதைத் திறக்க வேண்டும்.

பிஸ்டனின் அகன்ற விளிம்பையும் மூடியின் உட்சுவரையும் பெட்ரோல் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம். உட்சுவரில் எண்ணெயும் தடவாதீர்கள், அதில் தூசி ஒட்டிப் பிஸ்டன் சிக்கும். நடுத்தண்டுக்கு மட்டும் ஒரு சொட்டு போதும். ஊசியின் தோள் பிஸ்டனின் அடிமுகத்தோடு சமமாக இருக்கிறதா, இரண்டு ஊசிகளிலும் ஒரே குறியீடு பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய உரிமையாளர்கள் ஆளுக்கொன்று மாட்டிவிட்ட வண்டிகள் நிறைய உண்டு.

பூட்டியதும் பிஸ்டனை விரலால் உயர்த்தி விடுங்கள். டக் என்று உலோக ஒலியோடு அடியில் உட்கார வேண்டும். அரைகுறையாக நின்றால் ஊசி ஜெட்டில் உரசுகிறது. பழைய வகை ஊசி அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். அதில் ஜெட்டைத் தளர்த்தி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பிந்தைய வகை ஸ்பிரிங்கோடு ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும், அதற்கு இந்த வேலை இல்லை.

மூடியின் உச்சித் துளையில் எண்ணெய் ஊற்றுங்கள். கையேடு 20 கிரேடு என்கிறது. இந்த எண்ணெய் உராய்வைக் குறைப்பதற்கல்ல. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பிஸ்டன் துள்ளி எழாமல் தாமதப்படுத்தி, அந்தக் கணத்தில் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் கிடைக்கச் செய்கிறது. மிதித்தவுடன் வண்டி திக்கித் திணறினால் முதலில் இந்த எண்ணெயைப் பாருங்கள்.

காற்றைச் சமன்செய்தல்

காற்று வடிகட்டிகளைக் கழற்றுங்கள். இரு கார்புரேட்டர்களின் ஆக்சிலரேட்டர் தண்டுகளை இணைக்கும் கிளாம்ப்புகளைத் தளர்த்துங்கள், சோக் இணைப்பையும் தளர்த்துங்கள். இப்போது இரண்டும் தனித்தனி. கார்புரேட்டர்களின் அடியிலுள்ள ஜெட் நட்டுகளை மேலே முழுவதும் திருகிவிட்டு, இரண்டு முழுச் சுற்று கீழே இறக்குங்கள். நட்டுக்கு ஆறு முகம் என்பதால் 12 முகம். இதுதான் தொடக்கப் புள்ளி.

எஞ்சின் சூடானதும் ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதிலும் மறு நுனியை ஒரு கார்புரேட்டரின் வாயிலும் வைத்துக் கேளுங்கள். ஸ்ஸ் என்ற சீறல் கேட்கும். அடுத்ததிலும் குழாயை அதே இடத்தில், அதே தூரத்தில் வைத்துக் கேளுங்கள். எது பலமாகச் சீறுகிறதோ அது அதிகக் காற்றை இழுக்கிறது. ஐடிலிங் திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்பி இரண்டு ஒலியையும் ஒன்றாக்குங்கள். காற்றின் அளவைக் காட்டும் கருவி விற்கிறார்கள், வாங்கினால் தவறில்லை. ஆனால் குழாயைக் கொண்டு கேட்டுப் பழகிய காது ஏமாறாது. அதே குழாயால், கார்புரேட்டர்களை எஞ்சினோடு இணைக்கும் மேனிஃபோல்டின் கேஸ்கட்டைச் சுற்றியும் கேளுங்கள். அங்கே சீறினால் காற்று திருட்டு வழியில் நுழைகிறது, கேஸ்கட்டை மாற்றுங்கள்.

கலவை

இரண்டு ஜெட் நட்டுகளையும் ஒவ்வொரு முகமாக, ஒரே அளவில் திருப்புங்கள். கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும், மேலே ஏற்றினால் குறையும். ஒவ்வொரு முறையும் ஜெட்டை விரலால் மேல்நோக்கி அழுத்தி நட்டோடு ஒட்டவையுங்கள். இல்லையென்றால் நட்டு மேலே போயிருக்கும், ஜெட் பழைய இடத்திலேயே நிற்கும். எஞ்சின் எங்கே மிக வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

இப்போது சோதனை. கார்புரேட்டரின் பக்கத்தில் அடியிலுள்ள சிறு முளையை மேலே தள்ளி அதன் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்துங்கள். வேகம் கூடி, கூடியபடியே இருந்தால் பெட்ரோல் அதிகம். உடனே வேகம் விழுந்தால் பெட்ரோல் குறைவு. லேசாக ஒரு கணம் கூடிவிட்டுப் பழைய நிலைக்கு வந்தால் சரி. ஒன்றைத் திருத்தினால் மற்றதும் சற்று மாறும், எனவே இரண்டுக்கும் இடையே போய்வர வேண்டியிருக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை எஞ்சினை நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு உயர்த்தி இறக்குங்கள். ஐடிலிங்கிலேயே நின்றால் உள்ளே பெட்ரோல் தேங்கிச் சோதனை பொய்யாகும்.

புகைபோக்கியின் ஒலியும் சொல்லும். ஒழுங்கற்றுத் தெறிப்பது போலக் கேட்டால் பெட்ரோல் குறைவு. தாளம் தவறாமல் இடறி, கருமையாகப் புகைந்தால் அதிகம்.

ஐடிலிங்கை 700 முதல் 800 சுற்றுக்குள் நிறுத்துங்கள். பிறகு கிளாம்ப்புகளை இறுக்குங்கள். மிதிக்கும்போது இரண்டு தண்டுகளும் ஒரே கணத்தில் அசைய வேண்டும், அதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். சோக் இணைப்பையும் அப்படியே. வடிகட்டிகளைப் பூட்டியபின் பிஸ்டன் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.

சாலையில்

பதினைந்து கிலோமீட்டர் போலச் சீரான வேகத்தில் ஓட்டிவிட்டு, ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். ஆறியதும் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்து கறுத்திருந்தால் இரண்டு நட்டுகளையும் ஒரு முகம் மேலே ஏற்றுங்கள். வெள்ளையாக வெளுத்திருந்தால் ஒரு முகம் கீழே இறக்குங்கள். வெளுத்த பிளக்கோடு நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம், எஞ்சின் சூடேறிக் கெடும். முன்னிரண்டு பிளக் ஒரு நிறமும் பின்னிரண்டு வேறு நிறமுமாக இருந்தால் கார்புரேட்டர்கள் இன்னும் சமன் ஆகவில்லை. முன்னது முன்னிரண்டு சிலிண்டருக்கும் பின்னது பின்னிரண்டுக்கும் ஊட்டுகிறது என்பதால் எதைத் திருத்த வேண்டும் என்று பிளக்குகளே காட்டிக்கொடுக்கும்.

எல்லாம் செய்தும் ஐடிலிங் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறதா? ஆக்சிலரேட்டர் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் தண்டு தேய்ந்து அதன் ஓரமாகக் காற்று நுழைகிறது. எவ்வளவு திருகினாலும் அது சரியாகாது. கார்புரேட்டர்களைக் கழற்றி, துளையைப் பெரிதாக்கிப் புது புஷ் (தண்டைத் தாங்கும் உலோக வளையம்) போடும் பட்டறையில் கொடுங்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் லேத் வேண்டும்.